பதினேழாம் பாகம்

டுலூத்தில் ஜனவரி பாதி கழிந்தால்
கப்பல்கள் ஊதுவதை நிறுத்திவிடும்.
நிலவறையில் ஹீட்டர் மட்டும்
கிழட்டு நாய்போல் மூச்சு வாங்கும்.
அதன் பக்கத்தில் என் அலமாரி.
வீடியோ கேசட்டுகள் இருநூற்றுப் பதினொன்று.
எண்ணியது நானல்ல,
மணமுறிவின்போது அவளுடைய வக்கீல்.
மதிப்பு: ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டார்.
எனக்கு அதில் லாபம்தான்.

எல்லாம் ஒரே ஆள் கதை. கலங்கரையான்.
மார்பில் விளக்கு, முதுகில் மஞ்சள் போர்வை,
கைக்கு நான்கே விரல்.
இருபத்திரண்டே பாகம்;
மீதியெல்லாம் அதே பாகங்கள்,
வேறு வேறு ஊர் விளம்பரங்களோடு.
காசில்லாத கம்பெனி வரைந்த படம்:
அவன் ஓடினால் அதே மேகம்
மூன்று முறை பின்னால் போகும்.
பேசினால் வாய் மட்டும் அசையும்,
முகம் கடன் கேட்கப்பட்டவன் முகம்போல் இறுகிக் கிடக்கும்.
எட்டு வயதில் இதெல்லாம் தெரியவில்லை.
தெரிந்த பிறகும் ஒன்றும் குறையவில்லை.

எண்பத்து மூன்றில், சனிக்கிழமை ஏழரைக்கு,
நான் கண், அண்ணன் டவுனோ கை.
விளம்பரம் வந்தால் பதிவை நிறுத்துவான்,
முடிந்ததும் அழுத்துவான்.
ஒருநாளும் நேரத்துக்கு அழுத்தியதில்லை.
என் கேசட்டில் ஒவ்வொரு சண்டையும்
பாதிக் குத்தில்தான் தொடங்கும்.
காற்றில் வரும் அந்த முட்டியை
ஓங்கியது யார்,
இன்றுவரை தெரியாது.

பிறகு டிவிடி பெட்டி வந்தது.
கழுவித் துடைத்த வண்ணம்.
கோடில்லை, கொசகொசப்பில்லை,
திரையின் அடியில் ஊர்ந்து போகும்
'பனிப்புயல், பள்ளிகளுக்கு விடுமுறை' இல்லை.
பதினேழாம் பாகமும் இல்லை.
மூலச்சுருள் கிடைக்கவில்லை, வருந்துகிறோம்
என்று ஒரு துண்டுச் சீட்டு.

எங்கள் பிரதியை டவுனோ
ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தான்.
பெண்ணும் போனாள், பிரதியும் போனது.

பதினோரு வருடம்.
தேவாலய விற்பனை, செத்தவர்களின் கராஜ்,
பூஞ்சை பூத்த அட்டைப்பெட்டி.
கடைசியில் ஹிப்பிங்கிலிருந்து
மார்செல்லா வுகோவிச் என்று ஒருத்தி
குளியல் துண்டில் சுற்றி அனுப்பினாள்,
தபால் செலவு மட்டும் கேட்டு.

முதுகில் நீல மையில்: அழிக்காதே.
ஆனால் அழியாதிருக்க உடைத்த முனையின்
பள்ளத்தின்மேல் யாரோ
ஒட்டுநாடா ஒட்டியிருந்தார்கள்.
பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, சங்குதான்.

பதினெட்டு நிமிடம் ஒழுங்காக ஓடியது.
மூடுபனிப் பிரபு அவனைக்
கண்ணாடியறையில் பூட்டுகிறான்.
அவன் ஒளியே நாற்புறமும் திரும்பி வந்து
அவன் கண்ணைக் குத்துகிறது.
கையைத் தூக்குகிறான்,

பனிக்களம்.
ஹாக்கி மட்டைகளோடு பொடிசுகள்.
ஆறாம் நம்பர்ச் சிறுமி விழுகிறாள்.
காமிராவுக்குப் பின்னால் ஓர் ஆள்,
சுரங்கத்தூசி இருமலுக்கு நடுவே:
'எழுந்திரு மார்சி, உன் பக்கம்தான் வருது, எழுந்திரு!'

கெட்ட வார்த்தைகளைத்
தயாராக வைத்துக்கொண்டு போன் போட்டேன்.
சொன்னேன். அவள் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
'அவர் குரல் கேட்குதா?'

ரிசீவரை டிவியிடம் பிடித்தேன்.
நாலு நிமிடம், ஆறு முறை.
கை மரத்துப்போனது.

'உங்களுக்கு முடிவு வேண்டாமா?
எனக்கு ஞாபகம் இருக்கு' என்றாள்.
விளக்கை அவனே அணைத்துவிடுவானாம்.
இருட்டில் கண்ணாடியெல்லாம்
வெறும் சுவராகிவிடுமாம்.
என் ஞாபகத்தில் அவன் உடைத்தான், நாலையும், முட்டியால்.
டூசானில் இருக்கும் டவுனோவைக் கேட்டேன்.
'அன்னிக்கு கரண்ட் போச்சுடா ரெய்னோ,
நாம முடிவைப் பார்க்கவே இல்ல.'

பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு
கேசட்டை அவளுக்கே திருப்பி அனுப்பினேன்,
அதே துண்டில் சுற்றி.
கட்டுமுன்
பள்ளத்தின்மேலிருந்த ஒட்டுநாடாவை
நகத்தால் உரித்தெடுத்தேன்.
இனி அதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது.

பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
இரண்டு விரல் இடைவெளி.
பதினெட்டு சாய்ந்து நிற்கிறது.
நிமிர்த்தவில்லை.